விண்டோஸ் ஹோமா, ப்ரோவா? உங்களுக்கு எது போதும்

அக்கா மகன் இன்ஜினியரிங்கில் சேர்ந்த சமயம். லேப்டாப் வாங்கப் போன இடத்திலிருந்து எனக்கு போன் செய்தான்.

"மாமா, ரெண்டும் ஒரே மாடல்தான். ஒண்ணுல விண்டோஸ் 11 ஹோம்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல ப்ரோ. ப்ரோவுக்குச் சில ஆயிரம் கூட. ப்ரோன்னா வேகமா இருக்கும், ஹேங் ஆகாதுன்னு சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?"

"ரெண்டுலயும் ரேம் எவ்வளவு?"

"8 ஜிபி, மாமா."

"அப்போ ஹோமையே எடு. மிச்சமாகுற காசுல ரேமை 16 ஆக்கித் தரச் சொல்லு."

அப்படியே வாங்கிவிட்டான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க அன்றைக்கு நேரம் இல்லை. இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து இங்கே நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஹோமும் ப்ரோவும் வேறு வேறு விண்டோஸ் இல்லை. இரண்டுமே விண்டோஸ் 11தான். இன்ஸ்டால் செய்யப் பயன்படுத்தும் பென்டிரைவ்கூட ஒன்றேதான். நீங்கள் கொடுக்கும் ப்ராடக்ட் கீ எந்தப் பதிப்புக்கு உரியதோ, அந்தப் பதிப்பு உள்ளே இறங்கும். மாடியும் கீழ்வீடுமாகக் கட்டிய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோம் வாங்கினால் மாடி பூட்டியிருக்கும். ப்ரோ வாங்கினால் மாடிச் சாவியும் கையில் வரும். கீழ்வீடு இரண்டிலும் ஒன்றுதான்.

அதனால் ப்ரோ போட்டால் வேகம் கூடும் என்பது உண்மை இல்லை. க்ரோம் திறப்பது, வேர்டில் தட்டுவது, கேம் ஆடுவது, வீடியோ எடிட் செய்வது எல்லாம் இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் நடக்கும். கேம் ஆடுகிறவர்களுக்கு வேண்டிய டைரக்ட்எக்ஸ் 12 ஹோமிலும் முழுசாக இருக்கிறது. டிஃபெண்டர் ஆன்டிவைரஸ், ஃபயர்வால், செக்யூர் பூட், முகத்தையோ விரல் ரேகையையோ காட்டி உள்ளே போகும் விண்டோஸ் ஹலோ ஆகியவையும் இரண்டுக்கும் பொது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரில் இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் ஃபேமிலி சேஃப்டியும் அப்படித்தான். விண்டோஸ் 11இன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இரண்டு பதிப்புகளுக்கும் சமமாக 24 மாதம் அப்டேட் வரும். வேகம்தான் வேண்டும் என்றால் அந்தப் பணம் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் போக வேண்டும்.

அப்படியானால் "ப்ரோ ஹேங் ஆகாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது என்பது என் எண்ணம். விண்டோஸ் 95, 98, மீ இவையெல்லாம் வீட்டுக்கென்று வந்த ஒரு வரிசை. என்டி, 2000 இரண்டும் அலுவலகத்துக்கென்று வந்த வேறொரு வரிசை. உள்ளே இருந்த அடித்தளமே வேறு. 98 அடிக்கடி நின்றுபோகும், 2000 அசையாமல் ஓடும். 2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது அந்த இரண்டு வரிசையும் என்டி அடித்தளத்தில் ஒன்றாகின. அடித்தளம் ஒன்றான பிறகு வீட்டுக்கு ஒரு விலை, அலுவலகத்துக்கு ஒரு விலை என்று விற்க நடுவில் ஒரு கோடு தேவைப்பட்டது. அதுதான் எக்ஸ்பி ஹோம், எக்ஸ்பி ப்ரொஃபெஷனல். ஹோமை அலுவலக டொமைனில் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் அமைப்பில்) சேர்க்க முடியாது, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து அதற்குள் நுழைய முடியாது. இடையில் 2007இல் விஸ்டா வந்தபோது ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் என்று பெயர்கள் பெருகி எல்லோரையும் குழப்பின. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது கடையில் கிடைப்பவை மறுபடி ஹோம், ப்ரோ என்ற இரண்டு பெயர்களில் வந்தன. இத்தனைக்குப் பிறகும் எக்ஸ்பி காலத்தில் போட்ட கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது யார்? முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவரே அதைப் பார்த்தும் கொள்கிறார் என்றால் ஹோம். உட்காருகிறவர் ஒருவர், அதை எங்கிருந்தோ பார்த்துக்கொள்கிறவர், பூட்டுகிறவர், விதி போடுகிறவர் இன்னொருவர் என்றால் ப்ரோ. மாடியில் இருக்கும் அறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ஆளுக்காகக் கட்டியவை.

வெளியிலிருந்து உள்ளே நுழைவது

இதை ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். 5 கம்ப்யூட்டர் உள்ள சின்ன இடம். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜூலை மாதக் கூட்டம். ஆடிட்டர் கூப்பிட்டு, "தம்பி, ராத்திரி வீட்டுல இருந்தபடியே ஆபீஸ் சிஸ்டத்தைத் திறந்து வேலை பார்க்கணும். அதுக்காகவே வீட்டுக்குப் புதுசா ப்ரோ போட்ட லேப்டாப் வாங்கிட்டேன், செட் பண்ணிக் கொடுங்க" என்றார்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போனேன். ஆன், ஆஃப் செய்யும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், உங்கள் ஹோம் எடிஷனில் ரிமோட் டெஸ்க்டாப் வசதி கிடையாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. அவருக்கு அதிர்ச்சி. "நான்தான் ப்ரோ வாங்கிட்டேனே?"

வாங்கியது சரி, ஆனால் அது வேறு கம்ப்யூட்டருக்கு. ரிமோட் டெஸ்க்டாப்பில் இரண்டு முனை இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறோமோ அதில்தான் ப்ரோ வேண்டும். எங்கிருந்து நுழைகிறோமோ அது ஹோமாக இருக்கலாம், மேக்காக இருக்கலாம், கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனாகக்கூட இருக்கலாம். அவர் அலுவலகத்தில் வாங்க வேண்டியதை வீட்டுக்கு வாங்கியிருந்தார். வாங்கும் முன்பு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்குமே என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அவர் அடுத்துக் கேட்டது இன்னும் முக்கியமானது. "ஆபீஸ்ல ஒரு சிஸ்டத்துக்கு ப்ரோ போட்டுட்டா, ஸ்டாஃப் நாலு பேரும் அவங்கவங்க வீட்டுல இருந்து ஒரே நேரத்துல அந்த டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கலாம்ல?" முடியாது. ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் வெளியிலிருந்து நுழைந்ததும் அலுவலகத்தில் அந்தத் திரை பூட்டிக்கொள்ளும். அங்கே இருப்பவர் திறந்தால் உங்கள் இணைப்பு அறுந்துவிடும். பலர் ஒரே நேரத்தில் நுழைய விண்டோஸ் சர்வரும் அதற்கான தனி லைசென்ஸும் வேண்டும். இந்த வரம்பை உடைத்துத் தருகிறோம் என்று இணையத்தில் சில கோப்புகள் சுற்றுகின்றன. கணக்குப் புத்தகம் இருக்கும் கம்ப்யூட்டரில் அவற்றைப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்துவிட்டு, ரவுட்டரில் அது பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசலை, நேராக இணையத்துக்குத் திறந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். அந்த வாசலைத் தேடியே இரவும் பகலும் புரோகிராம்கள் உலகம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பல இடங்களில் நுழைந்தது இந்த வழியில்தான். விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதையை வைத்து, அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரை எப்போதாவது எட்டிப் பார்த்து உதவுவதற்கு மட்டும் என்றால் ப்ரோ தேவையே இல்லை. குவிக் அசிஸ்ட் என்ற செயலி ஹோமிலேயே இருக்கிறது. அவர்கள் அதைத் திறந்து, நீங்கள் சொல்லும் குறியீட்டைத் தட்டி, சரி என்று அனுமதி கொடுத்தால் போதும். க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்பும் ஹோமில் நன்றாக ஓடும்.

தொலைந்த லேப்டாப்பும் 48 இலக்கமும்

பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறேன், லேப்டாப் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவல் மட்டும்தான். திருகாணியைக் கழற்றி, எஸ்எஸ்டியை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் எழுதியிருப்பதே குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்க வேண்டும். ப்ரோவில் இதற்கு பிட்லாக்கர் இருக்கிறது.

ஹோமில் இதெல்லாம் கிடையாது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதே பிட்லாக்கரின் எளிய வடிவம் இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 (2024இன் இரண்டாம் பாதியில் வந்தது) அல்லது அதற்குப் பிந்தைய வெளியீட்டோடு வரும் லேப்டாப்பை முதல் முறை திறந்து மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்ததும் அது பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடும். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் தனக்கு அது ஆன் ஆகியிருப்பதே பலருக்குத் தெரியாது. அங்கேதான் எனக்குப் பயம்.

எங்கள் தெருவில் ஒருவர் லேப்டாப் வாங்கினார். விற்ற இடத்திலேயே எல்லாம் செட் செய்து, லாகின் செய்து கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து மதர்போர்டு பழுதாகி, வேறு மதர்போர்டு மாற்றினார்கள். ஆன் செய்ததும் நீலத் திரை வந்தது. ரெகவரி கீயைக் கொடு என்று கேட்டது. 6 இலக்கமாக 8 கூட்டம், மொத்தம் 48 இலக்கம். குறியாக்கத்தின் சாவி பழைய மதர்போர்டில் இருந்த டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்போடு கட்டப்பட்டிருந்தது, அது போய்விட்டதால் இந்தக் கேள்வி. அந்த 48 இலக்கம் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பத்திரமாக இருக்கும். எந்த அக்கவுன்ட்? செட் செய்து கொடுத்தவர் அன்றைக்குப் போகிற போக்கில் உருவாக்கிய ஏதோ ஒரு மெயில் ஐடி. அதன் பெயர் அவருக்கும் நினைவில்லை, இவரும் எழுதி வாங்கவில்லை. தொலைந்த ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட்டாலும் திரும்ப உருவாக்கித் தர முடியாது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் அந்த எஸ்எஸ்டிக்குள் இருக்கின்றன. அவர் என் எதிரே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த மெயில் ஐடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தட்டிப் பார்த்தேன். எதுவும் சரியாகவில்லை.

அதனால் ஹோமோ ப்ரோவோ, லேப்டாப் வாங்கிய அன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். முதல் லாகினை உங்கள் சொந்த மெயில் ஐடியில் நீங்களே செய்யுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் சென்று, அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

சரி, ப்ரோவின் பிட்லாக்கர் கூடுதலாக என்ன தருகிறது? எந்த டிரைவைக் குறியாக்கம் செய்வது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். ஆன் செய்யும்போதே பின் நம்பர் கேட்கும்படி வைக்கலாம். பென்டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும்கூடப் பூட்டலாம். அப்படிப் பூட்டிய பென்டிரைவை ஹோம் கம்ப்யூட்டரில் செருகி, பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து வேலை செய்யலாம். புதிதாகப் பூட்டத்தான் ப்ரோ வேண்டும். வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்களை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அலைகிறவர் என்றால், மற்ற எதுவும் வேண்டாம், இந்த ஒரு காரணத்துக்காகவே ப்ரோ வாங்கலாம் என்பேன்.

விதி போடுவதும் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும்

குரூப் பாலிசி எடிட்டர் என்று ஒன்று ப்ரோவில் உண்டு, ஹோமில் இல்லை. விண்டோஸின் நூற்றுக்கணக்கான அமைப்புகளை ஒரே இடத்தில் வைத்து "இது கூடும், இது கூடாது" என்று விதி எழுதும் கருவி அது. பில் போடும் கவுன்ட்டரில் யாரும் பென்டிரைவ் செருகக் கூடாது, கன்ட்ரோல் பேனலைத் திறக்கக் கூடாது என்று வைக்கலாம். வீட்டில் தன் கம்ப்யூட்டருக்குத் தானே விதி போட்டுக்கொண்டு யாரும் இருப்பதில்லை. ஹோமிலும் இதைத் திறந்து தருகிறோம் என்று சில குறுக்கு வழிகள் சுற்றுகின்றன. திறந்தாலும் சில விதிகளை ஹோம் கண்டுகொள்வதே இல்லை, எனவே அதற்காக மெனக்கெட வேண்டாம்.

அப்டேட் விஷயத்தில் ஹோம் உங்களை 5 வாரம் வரை பொறுத்துக்கொள்ளும். பிறகு போட்டே ஆக வேண்டும். ப்ரோவில் பாலிசி வழியாகப் பெரிய அப்டேட்டை 365 நாள் வரையும் மாதாந்தர அப்டேட்டை 30 நாள் வரையும் தள்ளலாம். இந்த ஒன்றுக்காக ப்ரோ கேட்டு வருகிறவர்கள் உண்டு. வேலை நடுவில் ரீஸ்டார்ட் ஆகிறது என்பது அவர்களின் புகார். அதற்குத் தீர்வு ஹோமிலேயே இருக்கிறது. அப்டேட் பகுதியில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்று உங்கள் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம் வரை குறிக்கலாம். அப்டேட்டே வேண்டாம் என்று ஒதுக்குவது நல்ல பழக்கம் இல்லை, அதில் வருவது பெரும்பாலும் ஓட்டைகளை அடைக்கும் வேலை. ஆனால் ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடுமா என்று ஒரு கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பிறகு போடும் கடைக்கு அந்த 365 நாள் மிகவும் உதவும்.

டொமைன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் உங்கள் ஐடியைப் போட்டு உள்ளே போகலாம் இல்லையா, அதற்குப் பின்னால் இருப்பது ஆக்டிவ் டைரக்டரி அல்லது இப்போது என்ட்ரா ஐடி என்று பெயர் மாறிய இணைய வடிவம். இவற்றில் சேர ப்ரோவாவது வேண்டும். உங்கள் நிறுவனம் இதைக் கேட்டால் ஐடி பிரிவே ப்ரோ போட்டுக் கொடுத்துவிடும், நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. வெறுமனே 3 கம்ப்யூட்டருக்கு இடையே ஒரு ஃபோல்டரையும் ஒரு பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள ஹோமே போதும்.

படிக்கிற பிள்ளைகள்

கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவர்களுக்கு ப்ரோ கட்டாயம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. காரணம் ஹைப்பர்-வி. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவி அது, ஹோமில் வராது. ஆனால் அந்த வேலையைச் செய்ய இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் ஹோமில் ஓடுகிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் ஹோமில் இருக்கிறது. அதன் மேல், புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஓட்டும் டாக்கரும் ஓடுகிறது. அக்கா மகன் இரண்டாம் ஆண்டில் லேப் வேலைக்கு இவை எல்லாவற்றையும் ஹோமிலேயே போட்டுக்கொண்டான். அப்போது அவனுக்குக் கைகொடுத்தது நான் போடச் சொன்ன 16 ஜிபி ரேம்தான். 8 ஜிபியில் டாக்கரை ஓட்டியிருந்தால் லேப்டாப் திணறியிருக்கும்.

ப்ரோவில் இருந்து ஹோமுக்கு ஒன்றே ஒன்றை இறக்கிக் கொடுக்கச் சொன்னால் நான் கேட்பது சாண்ட்பாக்ஸை. அதைத் திறந்தால் ஒரு சாளரத்துக்குள் புத்தம் புது விண்டோஸ் ஒன்று வந்து நிற்கும். மெயிலில் வந்த சந்தேகமான ஒரு கோப்பை அதற்குள் திறந்து பார்க்கலாம். வைரஸாக இருந்தாலும் சாளரத்தை மூடியதும் உள்ளே நடந்தது அத்தனையும் அழிந்துபோகும், உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு தடமும் இருக்காது. இது அலுவலகங்களைவிட வீடுகளுக்குத்தான் அதிகம் தேவை என்பது என் கருத்து. 2019இல் வந்தது, இன்றும் ஹோமில் கிடையாது.

ரேம் வரம்பைக் காட்டி ப்ரோ விற்கிறவர்களும் உண்டு. ஹோம் 128 ஜிபி வரை ஏற்கும், ப்ரோ 2 டிபி வரை. ஹோமில் ஒரு ப்ராசஸர் சிப், ப்ரோவில் இரண்டு. நம் லேப்டாப்பில் இருப்பது ஒரே சிப், 8 அல்லது 16 ஜிபி. இந்த வரம்பு நம்மை எட்டவே எட்டாது.

சிங்கிள் லேங்குவேஜ் என்றால்?

இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லேங்குவேஜ் என்று போட்டிருக்கும். உங்களுடையது எது என்று பார்க்க செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போங்கள். எடிஷன் என்ற வரியில் முழுப் பெயரும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "அப்போ தமிழில் தட்ட முடியாதா?" என்று பதறிப்போய்க் கேட்கிறார்கள். தட்டலாம். மெனுக்களும் செட்டிங்ஸும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பதில்தான் ஒரே மொழி என்ற கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் வந்திருந்தால் அதைத் தமிழ் மெனுவாக மாற்ற முடியாது. தமிழ் 99, அஞ்சல் ஆகிய கீபோர்டுகளை மற்ற எல்லோரையும் போலச் சேர்த்துக்கொள்ளலாம், வேர்டில் தமிழில் எழுதலாம், தமிழ்ப் பக்கங்களைப் படிக்கலாம். நானும் இப்போது சிங்கிள் லேங்குவேஜ் போட்ட லேப்டாப்பில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு மெனு தமிழில் தெரிய வேண்டும் என்றால் மட்டும் சிங்கிள் லேங்குவேஜ் இல்லாத ஹோமோ ப்ரோவோ பார்த்து வாங்குங்கள்.

ஏற்கெனவே ப்ரோ இருக்கிறதா? ஒரு நிமிடம்

அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் கேட்காமலே ப்ரோ போட்டிருக்கும். "சும்மாவே ப்ரோ கிடைச்சிருச்சு" என்று சந்தோஷப்படும் முன் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் வழியாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய வரி இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் வழியாக 180 நாளுக்குள் ஒருமுறையாவது புதுப்பித்துக்கொள்ள வேண்டிய கேஎம்எஸ் என்ற முறையைப் போலி செய்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் போலிக் கருவி ஓடுவதற்காக டிஃபெண்டரை அணைத்திருக்கவோ, சில ஃபோல்டர்களைப் பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கவோ கூடும். வங்கிப் பாஸ்வேர்டு தட்டுகிற கம்ப்யூட்டர் அது. போலி ப்ரோவைவிட முறையான ஹோம் எத்தனையோ மேல். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் ப்ரோ கீகளும் பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்த மொத்த லைசென்ஸிலிருந்து பிரித்து விற்பவை. இன்று வேலை செய்யும், நாளை முடக்கினால் கேட்க நாதி இருக்காது.

விலை என்று பார்த்தால், தனியாக வாங்கும்போது அமெரிக்காவில் ஹோம் 139 டாலர், ப்ரோ 199.99 டாலர். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு உயர 99 டாலர். நம் ஊர் விலையை உங்கள் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரே ரூபாயில் காட்டும். லேப்டாப் வாங்கும்போதே ப்ரோ சேர்ந்து வந்தால் வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே தேவை உறுதி என்றால் வாங்கும்போதே ப்ரோவாக வாங்குவது லாபம். தேவையா இல்லையா என்று தெரியவில்லை என்றால் ஹோம். ஏனென்றால் ஹோமிலிருந்து ப்ரோவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஏறிவிடலாம். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும், கொடுத்த பணமும் திரும்பாது.

அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் 5 கம்ப்யூட்டருக்கும் ப்ரோ வாங்கிவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், டேலி இருக்கும் ஒன்றுக்கு மட்டும் போதும் என்றேன். முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்தோம். ஏறும்போது எதுவும் அழியாது, இருந்தாலும் ஜூலை மாதத்தில் ஆடிட்டர் கணக்கில் விளையாடக் கூடாது. ஆக்டிவேஷன் பக்கத்தில் பதிப்பை உயர்த்தும் பகுதியைத் திறந்து, அங்கிருந்து ஸ்டோருக்குப் போய், அலுவலகத்தின் சொந்த மெயில் ஐடியில் லாகின் செய்து பணம் கட்டினார். சதவீதம் ஓடியது, ரீஸ்டார்ட் ஆனது, நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்ப வந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் டேலி ஐகான் இருந்த இடத்திலேயே இருந்தது. ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தில் அந்த ஒற்றை வரி போய்ப் பொத்தான் வந்திருந்தது. விபிஎன் போட்டு, பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, ரெகவரி கீயைத் தாளில் எழுதி அவருடைய இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது. "தம்பி, வீட்டுல இருந்துதான் பேசறேன். முதல் ரிட்டர்னை முடிச்சுட்டேன்."